எதிரணி இல்லாத பாடசாலைகள்: கேகாலைத் தோட்டப்புறமும் கல்லூரிப் பெருமிதமும்

இலங்கையில் மார்ச் மாதம் பெரும்போட்டிகளின் மாதம். கொழும்பில் ரோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும், யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும், காலியில் ரிச்மண்டும் மஹிந்தவும், கண்டியில் தர்மராஜவும் கிங்ஸ்வூட்டும் துடுப்பாட்டத்தில் மோதுகின்றன. அந்த நாட்களில் வீதியெங்கும் கொடிகள், லொறிகளில் மாணவர் கூட்டம், பப்பரே வாத்தியம். பேரப்பிள்ளை கண்டவர்களும் கல்லூரிக் கழுத்துப்பட்டியைத் தேடியெடுத்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுகிறார்கள். சப்ரகமுவ மாகாணமும் இதற்கு விலக்கல்ல. கேகாலை நகரில் புனித மரியாள் கல்லூரிக்கும் கேகாலு வித்தியாலயத்துக்கும், இரத்தினபுரியில் புனித அலோசியஸ் கல்லூரிக்கும் சீவலி மத்திய கல்லூரிக்கும் இடையே பெரும்போட்டி நடப்பது ஆண்டு வழக்கம்.

இதே கேகாலை மாவட்டத்தில் யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை, ருவன்வெல்லை, புளத்கொஹுபிட்டிய பக்கத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் தமிழ்ப் பாடசாலைகள் பல இருக்கின்றன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 8 இலட்சத்து 40 ஆயிரம். அதில் தமிழர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்தப் பிள்ளைகள் ஓடுவதிலோ பாய்வதிலோ யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் இவர்களுடைய பாடசாலையின் எதிரணி எது என்று கேட்டால் பதில் இல்லை. ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் வந்து மோதி, தோற்றால் அடுத்த வருடம்வரை நினைவில் உறுத்தும் இன்னொரு பாடசாலை இவர்களுக்கு வாய்க்கவில்லை.

இது வெறும் விளையாட்டுக் குறைபாடு என்று நான் கருதவில்லை. ஒரு பாடசாலைமீது மாணவர் கொள்ளும் பெருமிதம் தானாக முளைப்பதில்லை. அதற்கு நிலம் வேண்டும், தலைமுறை கடந்த நினைவு வேண்டும், திரும்பி வரும் பழைய மாணவர் வேண்டும், நிகரான எதிரணி வேண்டும். கேகாலைத் தோட்டப் பாடசாலைகளுக்கு இந்த நான்கும் எப்படிக் கிடைக்காமற் போயின, இனி எப்படிக் கிடைக்கச் செய்யலாம் என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

பெரும்போட்டி பிறந்த கதை

பாடசாலைகள் ஒன்றையொன்று மைதானத்தில் சந்திக்கும் வழக்கம் இங்கிலாந்தில் வேர்கொண்டது. ஈட்டன், ஹரோ பாடசாலைகளின் துடுப்பாட்டப் போட்டி 1805இலேயே நடந்திருக்கிறது. 1828 முதல் றக்பி பாடசாலையின் தலைமையாசிரியராக இருந்த தோமஸ் ஆர்னல்டின் காலத்துக்குப் பின், விளையாட்டு ஒழுக்கத்தைக் கற்பிக்கும் பாடம் என்ற எண்ணம் பிரித்தானியப் பாடசாலைகளில் வலுப்பெற்றது. குடியேற்ற நாடுகளுக்குப் போன ஆசிரியர்கள் மட்டையையும் பந்தையும் மட்டுமல்ல, இந்த எண்ணத்தையும் கொண்டுபோனார்கள்.

இலங்கையில் அப்படி வந்தவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜில் படித்த ஆஷ்லி வோக்கர். பின்னாளில் ரோயல் கல்லூரி என்று பெயர் பெற்ற கொழும்பு அகடமியில் அவர் ஆசிரியராக இருந்தார். 1879இல் அகடமிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையே நடந்த முதற் போட்டியில் ஆசிரியர்களும் ஆடினார்கள். 1880 முதல் மாணவர் மட்டும் ஆடினர். 1885இல் ரோயல் 9 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அந்தப் போட்டி சென் தோமஸுக்கு வெற்றி என்று ஒரு தரப்பும், முடிவின்றிப் போனது என்று மறுதரப்பும் இன்றைக்கும் வாதிடுகின்றன. 140 ஆண்டுகளுக்குமுன் சில சிறுவர்கள் ஆடிய ஆட்டத்தை இரண்டு சமூகங்கள் இன்னும் விடாமல் பிடித்திருக்கின்றன. எதிரணி இருந்தால்தான் இப்படிப்பட்ட நினைவு நிலைக்கும். தனியாக ஓடியவனின் வெற்றியை அவன் வீட்டாரே பத்து வருடத்தில் மறந்துவிடுவார்கள்.

தமிழர் மத்தியில் இதற்கு ஈடான போட்டி 'வடக்கின் பெரும்போர்'. மெதடிஸ்த மிஷனின் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும், அங்கிலிக்கத் திருச்சபையின் மிஷன் வளர்த்த சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதி வருகின்றன. யாழ்ப்பாணத்தில் பாடசாலைப் போட்டி முதலில் சமயப் போட்டியாக இருந்தது. மிஷன்களுக்கிடையே போட்டி, பிறகு மிஷன்களுக்கும் சைவர்களுக்கும் போட்டி. அந்தப் போட்டியின் விளைவாகவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி போன்ற நிறுவனங்கள் எழுந்தன. மதம் மாற்றவும் மதம் காக்கவும் கட்டிய பாடசாலைகள், காலப்போக்கில் தங்கள் வேகத்தைத் துடுப்பாட்ட மைதானத்துக்கு மாற்றிக்கொண்டன. உள்நாட்டுப் போர் சில ஆண்டுகள் வடக்கின் பெரும்போரைத் தடுத்தது. ஆயினும் தொடர் அறுந்துவிடவில்லை. லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கும் பழைய மாணவர்கள் அந்த மூன்று நாட்களுக்காக விமானமேறி வருகிறார்கள்.

காலியில் மெதடிஸ்த மிஷனின் ரிச்மண்டும், பௌத்த பிரம்மஞான சபையின் மஹிந்தவும் 1905 முதல் ஆடும் போட்டிக்கு மக்கள் வைத்த பெயர் 'காதலர் சண்டை'. எதிரணியை வெறுக்காமல் அதனோடு மல்லுக்கட்டலாம் என்பதை அந்த ஊரார் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

'நாங்கள்' என்ற சொல் எப்போது வரும்?

பாடசாலைப் பற்று ஏன் இவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதை உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் முஸாபர் ஷெரிப் நடத்திய முகாம் ஆய்வு அதில் முக்கியமானது. ஏறத்தாழ 11 வயதுடைய 22 சிறுவர்களை அவர் இரு குழுக்களாகப் பிரித்தார். முதலில் ஒரு குழுவுக்கு மறுகுழு இருப்பதே தெரியாது. பிறகு பேஸ்போல், கயிறிழுத்தல் போன்ற போட்டிகளில் அவர்களை மோதவிட்டார். சில நாட்களுக்குள் ஒரு குழுவின் கொடியை மறுகுழு எரித்தது. இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட மறுத்தன. அதன்பின் ஷெரிப் வேறொரு சூழலை உருவாக்கினார். உணவு கொண்டுவரும் லொறி நின்றுவிட்டது. அதைக் கிளப்ப இரு குழுவினரும் சேர்ந்து இழுக்கவேண்டியதாயிற்று. முன்பு ஒருவரையொருவர் வீழ்த்த இழுத்த அதே கயிற்றைத்தான் சிறுவர்கள் லொறியில் கட்டினார்கள். இப்படிச் சில பொதுவேலைகள் முடிந்தபோது பகை பெருமளவு தணிந்திருந்தது.

இந்த ஆய்வைப் போட்டி தீமை தரும் என்பதற்கு ஆதாரமாகச் சிலர் காட்டுவதுண்டு. எனக்கு அதில் தெரிவது வேறு. இரு குழுக்களும் தமக்குப் பெயரும் கொடியும் வழக்கமும் உடையவையாகத் திரண்டன. அந்தத் திரட்சி இருந்ததால்தான் பின்னர் சேர்ந்து இழுக்கவும் முடிந்தது. போட்டியை எந்த வேலையோடு கோர்க்கிறோம் என்பதே அதன் பலனைத் தீர்மானிக்கிறது.

1976இல் றொபேர்ட் சியால்டினியும் சகஆய்வாளரும் ஏழு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஓர் எளிய கணக்கெடுப்பைச் செய்தார்கள். வார இறுதியில் தங்கள் அமெரிக்க உதைபந்தாட்ட அணி வென்றிருந்தால், திங்கட்கிழமை வகுப்புக்குக் கல்லூரிப் பெயர் பொறித்த உடையில் வரும் மாணவர் தொகை கூடியது. வெற்றியைப் பற்றிப் பேசும்போது 'நாங்கள் வென்றோம்' என்றவர்கள், தோல்வியைப் பற்றிப் பேசும்போது 'அவர்கள் தோற்றார்கள்' என்ற தொனிக்கு மாறினார்கள். களத்தில் கால் வைக்காத மாணவனும் அணியின் வெற்றியைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்கிறான். வீட்டு முகவரியைச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆதாரம் என்பதை யோசிக்கவேண்டும். தோட்டத்தின் பெயரையும் லயத்தின் இலக்கத்தையும் சொல்லும்போது குரல் தாழ்ந்துபோகும் பிள்ளை, பாடசாலையின் பெயரையாவது நிமிர்ந்து சொல்லவேண்டும்.

சட்டம் கேட்டது ஓர் அறை மட்டும்

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் காலியிலும் கல்லூரிகள் மைதானம் வெட்டிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் 6 முதல் 10 வயதுவரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தரும் பொறுப்பைத் தோட்டத் துரைமார்மீது வைத்தது. அதற்கென ஓர் அறையை ஒதுக்கிப் பராமரிக்கச் சொன்னது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அந்தப் பொறுப்பைத் தொடர்ந்தது. லயத்தின் கோடியில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பும் ஒன்றாக உட்காரும் வாங்குகள் என்று தோட்டப் பாடசாலை உருவானது. திடலைச் சட்டம் கேட்கவில்லை. கேட்காத ஒன்றைத் தோட்டம் தானாகக் கொடுக்கவுமில்லை. செடி நடக்கூடிய நிலம் முழுவதும் வருமானமாகக் கணிக்கப்பட்ட இடத்தில், பிள்ளைகள் ஓடுவதற்குச் சமதரை ஒதுக்குவது வீண்செலவாகவே பார்க்கப்பட்டது.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. அதே முயற்சியில் எழுந்த மத்திய கல்லூரிகள் கிராமப்புறச் சிங்களப் பிள்ளைகளுக்கும் வடக்கு கிழக்குப் பிள்ளைகளுக்கும் மைதானம், விடுதி, ஆய்வுகூடம் எல்லாவற்றையும் திறந்துவிட்டன. தோட்டப் பாடசாலைகள் அந்தப் பயனில் பெருமளவு சேரவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் அவை வெளியே நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைத் தன் கைக்குள் எடுக்கத் தொடங்கியது. 1980களின் நடுப்பகுதி முதல் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன, ஆசிரியர் தொகை பெருகியது. வடக்கின் பெரும்போர் தொடங்கி முக்கால் நூற்றாண்டு கடந்த பிறகே, தோட்டத்துப் பிள்ளைக்கு ஒழுங்கான பாடசாலை என்ற ஒன்று கிட்டியது.

நிலம் கிடைக்காதது ஒரு பக்கம். நினைவுச் சங்கிலி அறுந்தது மறுபக்கம். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர் ஆக்கியது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசின் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க, சென் தோமஸ் கல்லூரியின் பழைய மாணவர். ரோயல் – தோமஸ் போட்டியில் வெல்லும் அணிக்கு வழங்கப்படும் கேடயம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஒரு வகுப்பாரின் பாடசாலை நினைவு கேடயமாகக் காக்கப்பட்ட நாட்டில், இன்னொரு வகுப்பாருக்கு நாடு என்ற பிடிமானமே இல்லாமற் போனது.

1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரின் தலைவிதியைக் கணக்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்று எழுதப்பட்டது. அதன்படி குடும்பங்கள் கப்பலேறின. அதைத் தொடர்ந்து 1977, 1981, 1983 வன்செயல்கள் சப்ரகமுவத் தோட்டங்களையும் தாக்கின. பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தார்கள். கேகாலைத் தோட்டமொன்றில் ஒரே வகுப்பில் இருந்தவர்கள் இன்று நீலகிரியில், வன்னியில், கொழும்புக் கடைகளில், வளைகுடா நாடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். ரோயலின் பழைய மாணவர் சங்கத்தோடு இவர்களை ஒப்பிட்டு, ஏன் இவர்களுக்குச் சங்கம் இல்லை என்று கேட்பது நியாயமாகாது. சங்கம் அமையக்கூடிய ஒரு தலைமுறையே வேரோடு பிடுங்கப்பட்டது.

இல்லப் போட்டியில் தெரியும் ஆசை

இத்தனைக்கும் பிறகு தோட்டப் பாடசாலைகளில் பெருமித உணர்வு இல்லை என்று யாராவது நினைத்தால், முதலாந் தவணையில் நடக்கும் இல்ல விளையாட்டுப் போட்டியைப் பார்க்கவேண்டும். வள்ளுவர், இளங்கோ, கம்பன், பாரதி என்ற பெயர்களில் இல்லங்கள் பிரியும். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் கொடிகள் ஏறும். பாடசாலைத் திடல் போதாவிட்டால் தோட்டத்துப் பிரட்டுக்களம் களமாகும். காலையில் துரையும் கணக்கப்பிள்ளையும் ஆட்பிரித்து வேலைக்கு அனுப்பும் அந்தத் தரையில், சுண்ணாம்புத் தூளால் ஓடுபாதை வரையப்படும். நேர்கோட்டில் நூறு மீற்றர் கிடைக்காத இடத்தில் கோடு வளைந்து போகும். வளைவில் வழுக்காமல் திரும்புவது எப்படி என்று பெரிய வகுப்பு மாணவர் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

இல்ல அலங்காரத்துக்குக் கடையில் வாங்கும் பொருள் குறைவு. குருத்தோலைத் தோரணம், கமுகு மடல், காய்ந்த இறப்பர் விதைகளைக் கோத்த மாலை, தேயிலைக் கிளை என்று சுற்றுவட்டத்தில் கிடைப்பதெல்லாம் பந்தலாகும். விடியற்காலையில் பால் வெட்டப் போன தாய் தகப்பன், பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பிற்பகலில் வந்து சேர்வார்கள். அணிநடை, உடற்பயிற்சிக் காட்சி, கயிறிழுத்தல், வினோத உடை எல்லாம் முடிந்து கடைசியில் அஞ்சலோட்டம் வரும்போது கரும்பலகையில் எழுதிய புள்ளிகளில் இரண்டு இல்லங்கள் நெருங்கி நிற்கும். கோலைத் தவறவிட்ட பிள்ளையைச் சுற்றி இல்லமே நின்று தேற்றும். ரோயல் – தோமஸ் மைதானத்தில் எழும் உணர்ச்சிக்கு இது ஒரு துளியும் குறைந்ததல்ல.

ஆனால் திங்கட்கிழமை இல்லங்கள் கலைந்துவிடும். ஐம்பது வயதில் யாரும் தன்னைப் பாரதி இல்லத்தான் என்று அறிமுகம் செய்துகொள்வதில்லை. வெளியே எதிரணி இல்லாததால் பிள்ளைகள் பாடசாலையையே நான்காகப் பிரித்து எதிரணியை உள்ளுக்குள் தேடிக்கொள்கிறார்கள். அந்தப் பற்று இல்லத்தோடு நின்றுவிடுகிறது. பாடசாலையின் பெயர்வரை வந்து சேர்வதில்லை.

வலய, மாகாண, தேசியப் போட்டிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை தேவைதான். தனித்திறமை மேலே வருவதற்கு அதுவே வழி. ஆனால் அங்கே எதிரே நிற்பவர் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறார். ஒருபுறம் ஸ்பைக் சப்பாத்து அணிந்த தேசிய பாடசாலை மாணவன். மறுபுறம் வெறுங்காலுடன் அல்லது இரவல் சப்பாத்துடன் தோட்டத்துப் பிள்ளை. வென்றால் அது அந்தப் பிள்ளையின் வெற்றி, தோற்றால் வழமை. பாடசாலைக்கு நினைவாக எதுவும் மிஞ்சுவதில்லை. பெரும்போட்டியின் இலக்கணமே வேறு. அதே எதிரணி, அதே பருவம், ஏறக்குறைய அதே பலம். இம்மூன்றும் சேராமல் பெருமிதம் தலைமுறை தாண்டுவதில்லை.

கதவு திறந்தபோது

நல்ல பாடசாலை விளையாட்டு ஒரு மலையகப் பிள்ளையை எங்கே கொண்டுசேர்க்கும் என்பதற்கு முத்தையா முரளிதரனைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவரின் பேரன் அவர். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தவரைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பாடசாலைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. பெரும்போட்டி வழக்கமும் பயிற்றுநரும் பந்தாட நல்ல களமும் இருந்த கல்லூரியில் அவர் சேர்ந்திருந்தார். 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் ஓய்வுபெற்றார். அதே கையும் மணிக்கட்டும் கொண்ட ஒரு சிறுவன் தெரணியகலைத் தோட்டமொன்றில் பிறந்திருந்தால், பிரட்டுக்களத்தில் டென்னிஸ் பந்து வீசி முடித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பான். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கிலும் 2024இல் ஐ.பி.எல். போட்டியிலும் ஆடினார். அவருக்குப் பின்னாலும் ஒரு நூற்றாண்டுப் பெரும்போர் நிற்கிறது.

கேகாலைக்கு இதில் இன்னொரு தொடர்புண்டு. 1936இல் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றவர் லங்கா சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா. பின்னர் யட்டியாந்தோட்டையின் உறுப்பினராகவும் இருந்தார். தோட்டத் தொழிலாளர் மத்தியில் அந்தக் கட்சிக்குச் செல்வாக்கு இருந்தது. அவரே இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் தலைவராகவும் பணியாற்றி, சர்வதேச கிரிக்கெட் அமைப்பில் நாட்டுக்கு முழு உறுப்புரிமை வேண்டும் என்று எழுத்தில் வாதாடினார். 1981இல் அந்த அந்தஸ்து கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை. டெஸ்ட் அந்தஸ்துக்காகப் பாடுபட்டவரைத் தேர்ந்தனுப்பிய தொகுதியின் தோட்டப் பாடசாலைகளில் இன்றைக்கும் ஒழுங்கான துடுப்பாட்ட ஆடுகளம் அரிது.

பற்று திசைமாறும்போது

கல்லூரிப் பெருமிதத்தைப் போற்றும்போது அதன் கேடுகளையும் சொல்லவேண்டும். பெரும்போட்டிக் காலத்தில் மதுவும் கைகலப்பும் தெருவில் வருவோர் போவோரைத் தொல்லைப்படுத்துவதும் இலங்கையில் பழைய முறைப்பாடுகள். இன்னொரு கேடு சத்தமில்லாதது. தேசிய பாடசாலைகளில் முதலாந் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, வசிப்பிட அண்மைக்கு அடுத்தபடியாக 25 வீத இடங்கள் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்படுகின்றன. பெருமிதம் பரம்பரைச் சொத்தாகிவிட்டால், வெளியே நிற்பவன் என்றைக்கும் வெளியேதான்.

சென்னையின் அனுபவம் வேறுவகை எச்சரிக்கை. மாநிலக் கல்லூரியும் பச்சையப்பன் கல்லூரியும் 1840களில் தொடங்கியவை; தமிழகத்தின் பொதுவாழ்வுக்கு எத்தனையோ பேரைத் தந்தவை. ஆனால் அண்மைப் பத்தாண்டுகளில் அந்த மாணவரில் ஒரு பகுதியினரின் கல்லூரிப் பற்று பேருந்துத் தடங்களிலும் ரயில் நிலையங்களிலும், தடத்தின் தலைவன் யார் என்ற 'ரூட்டு தல' மோதலாக வெடித்தது. 2024 ஒக்டோபரில் ஒரு மாணவர் தாக்கப்பட்டு உயிரிழந்தார். விதியும் நடுவரும் முடிவு நேரமும் கொண்ட ஆட்டமாக அமையாத போட்டி, தெருவில் தன் விதியைத் தானே எழுதிக்கொள்ளும். ஏழை வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் இளைஞனின் பெருமித ஆசை நியாயமானது. அதற்குக் களம் அமைத்துக் கொடுப்பது நிறுவனத்தின் கடமை.

மூன்றாவது குறை, பெண்பிள்ளைகள். பெரும்போட்டிப் பண்பாடு ஆண் கல்லூரிகளில் பிறந்தது. அதில் பெண்களுக்குப் பார்வையாளர் இடம்கூட இரண்டாம்பட்சந்தான். தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் கலவன் பாடசாலைகள். இங்கே புதிதாக ஒரு வழக்கம் தொடங்கினால் முதல் நாளிலிருந்தே அது இருபாலாருக்கும் உரியதாக இருக்கலாம். வலைப்பந்தாட்டத்தில் 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியின் முதுகெலும்பாக நின்றவர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கு முன்மாதிரி தேடி அலைய வேண்டியதில்லை.

இரண்டு ஏக்கரில் என்ன செய்யலாம்?

தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் 2 ஏக்கர் நிலம் என்பது மலையகத்தில் நெடுங்காலமாக ஒலிக்கும் கோரிக்கை. 1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் குத்தகையாகப் போனது. நிலம் அரசினுடையது, கைவசம் வைத்திருப்பது கம்பனி. அதனால் ஒரு துண்டு நிலத்தை விடுவிப்பதற்கும் பல மேசைகளைக் கடக்கவேண்டியிருக்கிறது. இந்தக் கோரிக்கையைக் கைவிடக்கூடாது. அதேநேரம் நிலம் வரட்டும் என்று பிள்ளைகளை உட்காரவைத்திருக்கவும் கூடாது.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2 ஏக்கர் என்பது ஏறத்தாழ 8,100 சதுர மீற்றர். 400 மீற்றர் ஓடுபாதைக்கு அதைப்போல் இரு மடங்கு நிலம் வேண்டும். முழு அளவுத் துடுப்பாட்ட மைதானமும் அதற்குள் அடங்காது. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தும் செலவு வேறு. ஆனால் கரப்பந்தாட்டக் களம் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்டது. வலைப்பந்தாட்டக் களம் 30.5 மீற்றருக்கு 15.25 மீற்றர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாலும் கால் ஏக்கரைத் தாண்டாது. கரப்பந்தாட்டம் 1991 முதல் நாட்டின் தேசிய விளையாட்டு. தோட்ட இளைஞர் கழகங்களில் நன்கு பழகிய ஆட்டம். நகரத்துக் கல்லூரிகளைப் பார்த்துத் துடுப்பாட்டத்தில்தான் பெரும்போட்டி அமைய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கையிலிருக்கும் நிலத்துக்குப் பொருந்திய ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே அறிவு.

எதிரணி எங்கே என்ற கேள்விக்குக் கேகாலையின் புவியியலே பதில் வைத்திருக்கிறது. தெஹியோவிட்டவும் யட்டியாந்தோட்டையும் அவிசாவளை – ஹட்டன் பிரதான வீதியில், ஒரே பஸ் பாதையில் இருக்கின்றன. ஒரே வலயக் கல்விப் பணிமனையின் கீழ் வருகின்றன. அங்குள்ள தமிழ்ப் பாடசாலைகளின் பிள்ளைகள் ஒரே பின்னணி உடையவர்கள். ஒருவருக்கொருவர் உறவினராகவும் இருப்பார்கள். எதிரணிக்கு வேண்டிய அண்மையும் சமநிலையும் இயல்பாகவே அமைந்திருக்கின்றன. அது நிலைபெற்றபின் கேகாலை மாவட்டத் தமிழ்ப் பாடசாலைகளும் இரத்தினபுரி மாவட்டத்துப் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பக்கத் தமிழ்ப் பாடசாலைகளும் சந்திக்கும் சப்ரகமுவப் பெரும்போட்டியாக விரியலாம்.

ஷெரிப்பின் கயிற்றையும் இங்கே மறக்கக்கூடாது. போட்டி நாளுக்கு முதல்நாள் இரு பாடசாலை மாணவரும் சேர்ந்து களத்தைச் செப்பனிடட்டும். வரும் நிதியில் ஒரு பங்கு இரு பாடசாலைக்கும் பொதுவான உயர்தரப் பிரிவு உதவிக்குப் போகட்டும். விஞ்ஞானப் பிரிவு தேடிப் பிள்ளைகள் ஹட்டனுக்கும் கொழும்புக்கும் போகும் நிலையில் அந்த உதவி வீண்போகாது. பாடசாலைக்கு ஒரு கீதம், ஒரு கொடி, ஆண்டு மலர், வெற்றி தோல்விகளை எழுதிவைக்கும் ஒரு பதிவேடு ஆகியவற்றை முதல் வருடத்திலேயே தொடங்கவேண்டும். பதிவேடு மிக முக்கியம். அணியில் ஆடிய ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தோட்டத்தின் பெயரும் அதில் ஏறவேண்டும். நாற்பது வருடங்களுக்குப் பின் அந்தப் பிள்ளையின் பேரன் அதைத் திறந்து பார்ப்பான்.

கேகாலைத் தோட்டங்களில் படித்து இன்று கொழும்பிலும் சென்னையிலும் கோத்தகிரியிலும் டோஹாவிலும் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாடசாலை சிறியதாக இருந்திருக்கலாம். ஓர் ஆசிரியரே ஐந்து வகுப்பையும் நடத்தியிருக்கலாம். ஆயினும் உங்களுக்கு எழுத்தறிவித்தது அதுதான். உங்கள் வகுப்பில் இருந்தவர்களின் பெயர்களை எழுதிச் சேருங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் அதுவே பழைய மாணவர் சங்கம். ஒரு வலை, இரண்டு பந்து, ஒரு கேடயம் வாங்கிக் கொடுங்கள். யட்டியாந்தோட்டையிலோ தெஹியோவிட்டவிலோ ஏதாவது ஒரு பாடசாலையின் அதிபர் அடுத்த பாடசாலை அதிபருக்கு, 'இந்த முதலாந் தவணையில் எங்களோடு மோத வருகிறீர்களா?' என்று ஒரு கடிதம் எழுதட்டும். 1879இல் கொழும்பில் தொடங்கியதும் இரண்டு பாடசாலைகளின் இத்தகைய இணக்கத்தில்தான். கேகாலைத் தோட்டப் பாடசாலைகளின் முதற் பெரும்போட்டி அடுத்த வருடமே நடக்கலாம். அதற்கு வேண்டியது மனம் மட்டுமே.